மூட்டுக்குள் போடும் ஊசியும் நமது தொழுகையும்

ஒரு நாளைக்குப் பர்ளான தொழுகை 17 ரக்அத்துகள். ரக்அத் ஒன்றுக்கு இரண்டு சுஜூது என்று கணக்கிட்டால், பர்ளில் மட்டும் நாம் 34 தடவை தரையில் நெற்றி வைத்து எழுகிறோம். சுன்னத்துகளும் வித்ரும் இதற்கு மேல். ரமளானில் 20 ரக்அத் தராவீஹ் தொழுபவருக்கு இரவில் இன்னும் 40 சுஜூதுகள். இளமையில் இந்தக் கணக்கு எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஐம்பதைத் தாண்டியதும் முழங்காலே ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

தொழுகை மூட்டைத் தேய்த்துவிடுகிறது என்று இதற்குப் பொருளல்ல. தேய்ந்த மூட்டு தொழுகையில்தான் தன்னைக் காட்டிக் கொள்கிறது. நாற்காலியிலும் கட்டிலிலும் அமர்ந்து எழுபவருக்கு முழங்கால் முழுவதும் மடிய வேண்டிய தேவை வருவதில்லை. அத்தஹிய்யாத்து இருப்பிலோ அது ஏறத்தாழ முழுமையாக மடிகிறது. ஆகவேதான் நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் போகும்போது, "நடக்க முடியவில்லை" என்பதற்கு முன்னால், "சுஜூது செய்ய முடியவில்லை டாக்டர்" என்று சொல்லுகிறார்கள். அதைக் கேட்ட டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முட்டிக்குள் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா?" என்கிறார். அந்த ஊசி என்ன, அது எதைத் தரும், எதைத் தராது, நோன்பிலும் ஒளூவிலும் அதனால் எழும் கேள்விகள் யாவை என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் அதன் வரலாறு. நம் இரு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் தொப்பி வைத்தாற் போல இரு சிறு சுரப்பிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். அவற்றின் புறணியில் ஊறும் ஒரு பொருள்தான் உடலில் எழும் அழற்சியைக் கட்டுக்குள் வைக்கிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் இருந்தார். முடக்குவாத நோயாளிக்கு மஞ்சட்காமாலை வந்தால் மூட்டுவலி தணிந்துவிடுவதை 1929 ஆம் ஆண்டில் அவர் கவனித்தார். கர்ப்பம் தரித்த பெண்களிடமும் அப்படியே கண்டார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று வலியை அடக்குகிறது என்று அவர் மனத்தில் பட்டது. அதே நிலையத்து வேதியியல் அறிஞர் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருளை, 1948 செப்டம்பர் 21 ஆம் நாள் 29 வயதுப் பெண்ணொருத்திக்கு முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தினர். முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த அப்பெண் ஒரு வாரத்துக்குள் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தாள். அப்பொருளே கார்ட்டிசோன். 1950 இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

உலகமே மகிழ்ந்தது, அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. தொடர்ந்து கொடுக்கப்பட்டவர்களின் முகம் வீங்கிப் பௌர்ணமி நிலவு போலாயிற்று. எலும்பு நொய்ந்தது. சர்க்கரை ஏறிற்று. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பவும் வந்தது. அப்போதுதான் பிலடெல்பியாவின் டாக்டர் ஜோசப் ஹாலண்டர் வேறு வழி கண்டார். உடல் முழுவதும் மருந்தைப் பரப்புவானேன், நோயுற்ற மூட்டுக்குள்ளேயே நேராகச் செலுத்தினால் என்ன என்பது அவருடைய யோசனை. 1951 இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் அதன் பலனை வெளியிட்டனர். இன்று நம்மூர் டாக்டர் முழங்காலில் போடும் ஊசி அந்த வழியில் வந்ததே. ட்ரையாம்சினலோன், மெதில்பிரட்னிசலோன் என்பவை வழக்கமாகப் பயன்படும் மருந்துகள். கெனாகார்ட், டெப்போ-மெட்ரால் என்ற பெயர்களைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குப் பெரும்பாலும் 40 மில்லிகிராம். விரல் மூட்டுக்கு அதைவிட மிகக் குறைவு.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது? மூட்டைச் சுற்றியுள்ள பையின் உட்சவ்வு அழற்சியால் தடித்து நீரைச் சுரக்கிறது. மூட்டு வீங்குகிறது, மடக்கினால் வலிக்கிறது. மருந்து அந்தச் சவ்வை அமைதிப்படுத்துகிறது. அவ்வளவே அதன் வேலை. தேய்ந்த குருத்தெலும்பை அது திரும்ப வளர்ப்பதில்லை. "தேய்மானத்துக்கு ஊசி" என்று நாம் பேசிக் கொள்வது தவறான பேச்சு. தேய்மானத்தால் எழுந்த அழற்சிக்கே அது ஊசி.

இந்த ஊசியோடு மரத்துப் போவதற்கான மருந்தையும் பல டாக்டர்கள் கலப்பது வழக்கம். அதனால் மேசையிலிருந்து இறங்கியவுடன் வலி மறைந்திருக்கும். இரவில் அது திரும்பும். "காசு போயிற்று, பலன் இல்லை" என்று அன்றே முடிவு கட்டிவிடாதீர்கள். மரப்பு மருந்தின் வேகம் தீர்ந்தது, அவ்வளவுதான். முதன்மை மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நாளாகும். சிலருக்கு ஒரு வாரமாகும். சிலருக்கு முதல் ஓரிரு நாளில் வலி கூடுவதும் உண்டு. பனிக்கட்டி ஒற்றடத்தில் அது அடங்கும். ஆனால் நாளாக ஆக வலி ஏறி, மூட்டு சிவந்து, காய்ச்சலும் கண்டால் பொறுத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்துத்தான். வந்தவருக்கோ அன்றே மருத்துவமனை தேவை.

பலன் எவ்வளவு காலம் நிற்கும்? தேய்மானத்தில் பொதுவாகச் சில வாரங்கள். சிலருக்கு மூன்று மாதம். முடக்குவாதத்தில் ஒரே ஒரு மூட்டு மட்டும் அடங்காமல் நிற்கும்போதும், யூரிக் அமிலத்தால் வரும் கௌட் வாதத்திலும் ஊசி மிக நன்றாக வேலை செய்கிறது. எனினும் முடக்குவாதத்தின் வேரை அடக்குவது வேறு மருந்துகள். காலையில் எழுந்ததும் இரு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வெறும் வயதுக் கோளாறல்ல. ஊசி தேடிப் போகாமல், வாத நோய் டாக்டரைத் தேடிப் போக வேண்டும்.

இனி, விலை கொடுக்க வேண்டிய பக்கம். பாஸ்டன் நகரில் நடந்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானமுள்ள 140 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன். மறு பிரிவினருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது வலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வலியை அளந்தார்கள். ஊசி போட்ட முதல் வாரங்களில் கிடைத்திருக்கக் கூடிய சுகம் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எப்படியானாலும் பாடம் தெளிவு: எப்போதாவது ஒன்று என்பது வேறு, மூன்று மாதத்துக்கொன்றாக ஆண்டுக்கணக்கில் என்பது வேறு. ஒரே மூட்டில் மூன்று மாத இடைவெளியாவது விட வேண்டும், ஆண்டில் மூன்று நான்குக்கு மேல் கூடாது என்று டாக்டர்கள் வரம்பு வைத்திருப்பது இதனாலேயே.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வலியில்லாத அந்தச் சில வாரங்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலி போனதும் பழையபடி மாடிப்படி ஏறி இறங்கித் திரிந்து, வலி வந்ததும் அடுத்த ஊசிக்கு நிற்பவர் தம் மூட்டைத் தாமே செலவழிக்கிறார். அந்த வாரங்களில் தொடைத் தசையை உரமாக்கிக் கொள்பவருக்கு இரண்டாவது ஊசி தேவைப்படாமலே போகலாம். அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை வைத்துச் செய்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி பெற்றவர்களைவிட உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றவர்களே ஓராண்டு முடிவில் வலி குறைந்தும் நடமாட்டம் கூடியும் இருந்தார்கள். பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடுவது ஒன்று. மல்லாந்து படுத்து, மடக்காத காலை ஒரு முழ உயரம் தூக்கி மெல்ல இறக்குவது இன்னொன்று. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பத்துப் பத்து என்று வைத்துக் கொண்டால் மறக்காது. ஐந்து வேளை என்பது எந்த டாக்டரும் தர முடியாத நல்ல கால அட்டவணை. எடையும் குறைய வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005 இல் அளந்து கண்டிருக்கிறார்கள். நெய்ச்சோற்றுக்கும் முட்டிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூட்டுக்குள் போடுவது ஒன்று. "வலி ஊசி" என்று இடுப்பில் போடுவது முற்றிலும் வேறொன்று. வாரந்தோறும் போய் இடுப்பில் ஊசி போட்டுக் கொண்டு, "அந்த ஆள் கைராசிக்காரர், போட்டதும் பஞ்சு போல நடக்கிறேன்" என்று மகிழ்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பெறுவது ஸ்டீராய்டு. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சில மூட்டுவலிப் பொடிகளிலும் அதைக் கலந்திருப்பதுண்டு. அது உடல் முழுவதும் பரவி, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, தோலை மெலிதாக்கி, இடுப்பு மூட்டின் எலும்பையே சாகச் செய்யக் கூடும். மாதக்கணக்கில் உட்கொண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. தூங்கிப் போன சொந்தச் சுரப்பி விழிக்க நாளாகும். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூட்டுக்குள் போடும் ஊசிக்கும் விலக்குகள் உண்டு. மூட்டிலோ அதன் மேல் தோலிலோ புண் இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் போடலாகாது. மூட்டில் காசநோய் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அது தீரும்வரை போடக் கூடாது; நம் நாட்டில் இதை மறக்க இயலாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இனித் தொழுகைக்கு வருவோம். "சுஜூது செய்தாக வேண்டும், அதற்காகவாவது ஊசி போட்டுக் கொள்கிறேன்" என்பது நம் பெரியவர்களின் வாதம். அந்த ஆசை போற்றத்தக்கது, வாதம் சரியன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வழி காட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நோயாளிக்குத் தொழுகை குறைந்து போவதில்லை. அதன் உருவம் மாறுகிறது. ஆகவே ஊசி என்பது சிகிச்சைக்காக, டாக்டர் அவசியம் என்று கண்டால் போட்டுக் கொள்வது. அமர்ந்து தொழுவதற்கு வெட்கப்பட்டோ, ஸஃப்பில் நாற்காலி போடுவதை மற்றவர் என்ன நினைப்பாரோ என்றோ போட்டுக் கொள்வதல்ல. மார்க்கம் தந்த சலுகையை ஏற்க மனமில்லாமல் குருத்தெலும்பைப் பணயம் வைப்பது பக்தியின் கணக்கில் சேருமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எப்படி அமர்வது என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. நிற்க முடியும், ஆனால் சுஜூது மட்டும் முடியாது என்ற நிலையில் இருப்பவருக்கு, ஷாஃபிஈ மத்ஹபில் நிற்பது கடமையாகவே இருக்கிறது. ருகூஉ, சுஜூதுக்கு இயன்ற அளவு குனிந்து சைகை செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவருக்கு நிலை கடமையாவதில்லை; அமர்ந்து சைகையால் தொழுவது அவருக்குச் சிறப்பு. தலையணையை உயர்த்தி நெற்றியில் முட்டுக் கொடுப்பது தேவையில்லாத சிரமம். தரையில் காலை நீட்டி அமர முடிந்தவர் அவ்வாறு அமரலாம். உங்கள் நிலையை உங்கள் மஹல்லா ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள். ஊசி போட்ட முதல் இரண்டு நாள் மூட்டுக்கு ஓய்வு தேவை என்பதால், அப்போது முழுக்க மடக்கி அமராமலிருப்பது நல்லது. வலியில்லையே என்று அன்றைக்கே தராவீஹ் முழுதும் நிற்பது அறிவுடைமையாகாது.

நோன்பு வைத்துக் கொண்டு இந்த ஊசியைப் போடலாமா என்பது ரமளானில் தவறாமல் வரும் கேள்வி. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோலிலும் தசையிலும் ரத்த நாளத்திலும் போடும் சிகிச்சை ஊசிகளால் நோன்பு முறியாது என்றும், சத்து ஏற்றும் ஊசிகளும் திரவங்களும் இதற்கு விலக்கு என்றும் தீர்மானித்தது. மூட்டுக்குள் போடுவது வயிற்றுக்குச் செல்வதுமல்ல, சத்துமல்ல. பெரும்பாலான ஆலிம்கள் இதையும் அந்த வகையிலேயே சேர்க்கிறார்கள். நோன்பு முறியாது என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. சர்க்கரை நோயாளிக்குத் தொல்லை அதன் பிறகே தொடங்குகிறது. மூட்டுக்குள் போட்ட மருந்திலும் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரையை உயர்த்தி வைக்கும். சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் போகும், நா வறளும். நோன்பில் தண்ணீரும் குடிக்க முடியாத பகலில் அது உடலை வாட்டிவிடும். ஆகையால் தள்ளிப் போடக் கூடிய ஊசியானால் ரமளானுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துக் கொள்க. இடையில் போட்டே ஆக வேண்டுமென்றால், அந்த நாட்களில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக் கொண்டேயிருக்க வேண்டும். அப்படிக் குத்துவதால் நோன்பு முறியாது. டாக்டர் நோன்பை விடச் சொன்னால் விட்டுப் பின்னர் களாச் செய்வதே மார்க்கம் காட்டும் வழி.

ஒளூவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசிமுனை பட்ட இடத்தில் ரத்தம் வெளிவந்து வழிந்தால் ஹனஃபி மத்ஹபில் ஒளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. முழங்கால் ஒளூவில் கழுவும் உறுப்பல்ல என்பதால் அதற்கு மேல் சிக்கலில்லை. மணிக்கட்டிலோ விரலிலோ போட்டிருந்தால்தான் நனைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வர வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. வெட்கத்தால் யாரும் கேட்பதில்லை, அவசரத்தில் டாக்டரும் சொல்வதில்லை. இந்த ஊசிக்குப் பின் சிலருக்கு மாதவிடாய் முன்பின்னாகும், வழக்கத்துக்கு மாறாக அதிகம் போகும். முகம் ஓரிரு நாள் சிவந்து சூடாகத் தோன்றுவதும் உண்டு. தொழுகையை விடுவதா தொடர்வதா என்று குழம்பும் சகோதரிகள், ஹனஃபியில் ஹைளு குறைந்தது மூன்று நாள், கூடியது பத்து நாள் என்பதையும், ஷாஃபிஈயில் குறைந்தது ஒரு பகலும் இரவும், கூடியது பதினைந்து நாள் என்பதையும் நினைவில் வைத்து, தம் வழக்கமான நாட்களைக் குறித்து வைத்து, ஆலிமாவிடம் கேட்டுத் தெளிய வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலான உம்மாமார்களுக்கு ரத்தம் கண்டால், "ஊசியால் வந்தது" என்று தாமே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளக் கூடாது. வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கக் கூடும். மகப்பேறு டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மருந்தில் ஆல்கஹால் இருக்கிறதாமே என்று சிலர் கேட்கிறார்கள். சில ஸ்டீராய்டு ஊசிகளில் கெடாமலிருப்பதற்காகப் பென்சைல் ஆல்கஹால் என்ற பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பெயரில் ஆல்கஹால் என்றிருந்தாலும் அது மதுவில் உள்ள பொருளன்று, போதைக்காகக் குடிக்கப்படுவதுமன்று. மூட்டுக்குள் போடும் வேறொரு வழுவழுப்பு ஊசி உண்டு. ஹயலுரானிக் அமிலம் என்பார்கள். அதில் சில வகை சேவற்கொண்டையிலிருந்தும், சில வகை நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாராகின்றன. எது என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் வாரத்தில் ஊசிக்கு ஓடி வருகிறார்கள். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு தடவை நடப்பதே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். தவாஃபும் மினாவும் அதற்கு வெளியே. தொடைக்கு உரமேற்றுவதைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஊசி தேவையென்று டாக்டர் சொன்னால், பின்விளைவு ஏதும் வந்தால் உள்ளூரிலேயே பார்த்துக் கொள்ளும்படி இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக் கொள்ளுங்கள். முட்டி மாற்று அறுவைக்கு நாள் குறித்தவர்கள் மட்டும் அதற்கு முந்திய மூன்று மாதத்தில் அந்த முட்டியில் ஊசியே போடக் கூடாது. புது மூட்டில் கிருமி தொற்றும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. ஊசி போட்ட தேதி, மூட்டு, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த டாக்டரிடம் போகும்போது அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.